ஐந்து கட்டைக்குச் சற்று மேலே

ஒரு பாடகி தன் சுருதி, அதாவது பாடும் ஆதார உயரம், ஐந்து கட்டை என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவருக்குத் தெரியாமல் நான் சுருதிப்பெட்டியை அதற்குச் சற்று மேலே ஏற்றிவைத்தேன். அந்தக் கச்சேரியில் அவர் குரல் உடைந்தது. தன் தொண்டை போய்விட்டது என்று முடிவு செய்து அவர் மேடையை விட்டார். காரணம் என்ன என்று எனக்குத் தெரியும். பல ஆண்டுகள் நான் அதைச் சொல்லவில்லை.

பகலில் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தேன். மாலைகளில் பெங்களூரின் சபாக்களிலும் பந்தல்களிலும் மிருதங்கம் வாசித்தேன். பக்கவாத்தியம் வாசிக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். ஒலி பற்றிய பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவன் நான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

1. இரண்டு குரல்கள்

சுகிர்தா டீச்சர் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை. சிறு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கள் கிறிஸ்தவ ஆலயத்தின் கொயர் என்னும் பாடகர் குழுவில் பாடுவார். அங்கே அவர் சோப்ரானோ, அதாவது பெண் குரல்களில் மேல் வரிசை.

இந்த இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தாலும் ஒரே குரல் அல்ல. ஆலயத்தில் அவர் ஒலியைத் தலைக்குள் ஏற்றிப் பாடுவார். மெல்லியதாக, வழவழப்பாக, எவ்வளவு உயரமும் போகும். கச்சேரியில் நெஞ்சைத் திறந்து, வாயைத் திறந்து, 'ஆ' என்று முழு ஆகாரமாகப் பாடுவார். நம் சங்கீதத்தில் உயரம் எட்டாதபோது மெலிந்த தலைக்குரலுக்குத் தாவுவதைக் கள்ளத்தொண்டை என்பார்கள். கேட்கிறவர்கள் அதை மன்னிப்பதில்லை. ஆகவே அவர் இரண்டையும் கலக்கவே மாட்டார்.

"எனக்கு சண்டே ஒரு வாய்ஸ், மண்டே ஒரு வாய்ஸ் சார்," என்று முதல் ஒத்திகையில் சொன்னார். "ரெண்டும் ஒரே வீட்ல இருக்குது. ஆனா பேசிக்காது."

அவர் கணவர் ஆல்பர்ட் பக்கத்தில் இருந்தார். "எங்க வீட்ல மாமியார் மருமகள் மாதிரின்னு சொல்றா சார்," என்றார்.

பக்கவாத்தியக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. பாடுகிறவரைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். மூச்சு வயிற்றில் நிற்கிறதா, தோளுக்கு ஏறிவிட்டதா என்பது எதிரே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாது. சுகிர்தா டீச்சர் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தை, அதாவது உச்சத்தில் வரும் 'ப'வை, பிடிக்கும்போதும் தோள் அசையாது. அவருடைய எல்லை அந்தப் பஞ்சமம்தான். அதற்கு மேல் போகமாட்டார், போகத் தேவையும் இல்லை. ஐந்து கட்டைச் சுருதியில் அது அவருக்கு எப்போதும் வரும். சுருதியைக் கொஞ்சம் ஏற்றினாலும் வராது. இதை அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

2. பந்தல்

ஸ்ரீராம்புரத்தில் ஒரு ராமநவமிப் பந்தலில் அவருக்கு மாலைக் கச்சேரி கிடைத்தது. இது நடந்து பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் இருக்கும். அதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் மதிய நேரங்கள். நகரத்தின் பெரிய சபா ஒன்றை நடத்துகிறவர் அன்று அவரைக் கேட்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் அவருடைய சபாவில் இடம் கிடைக்கும்.

"என்னை ஒரு தடவைதான் கேப்பாங்க சார்," என்று டீச்சர் ஃபோனில் சொன்னார். "கிறிஸ்டியன் லேடி, நாற்பத்தஞ்சு தாண்டியாச்சு. ரெண்டாவது சான்ஸ் எல்லாம் சின்னப் பசங்களுக்கு."

மிருதங்கத்தை ஒரு சுருதிக்கென்றுதான் கட்டுவார்கள். குச்சியும் கல்லும் கொண்டு தட்டி அரைக் கட்டை ஏற்றலாம், இறக்கலாம். அதற்கு மேல் வராது. என் ஐந்து கட்டை மிருதங்கம், தோலின் நடுவில் வரும் கறுப்புப் பூச்சான கரணையைப் புதிதாகப் போடுவதற்காகக் கடையில் இருந்தது. முந்தைய வாரமே போய் வாங்கியிருக்கவேண்டும். போகவில்லை. வீட்டில் இருந்த ஐந்தரைக் கட்டை மிருதங்கத்தை எடுத்துக்கொண்டேன். இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பந்தலுக்குத் தகரக் கூரை. உறையைக் கழற்றியபோது வறண்ட வெயிலில் தோல் இறுகி ஆறு கட்டைக்குப் பக்கத்தில் நின்றது. வலது முகமான வலந்தலையின் விளிம்பைக் கீழிருந்து தட்டித் தட்டி இறக்கினேன். ஐந்துக்குக் கால் கட்டை மேலே வந்ததும் நின்றுவிட்டது. இன்னும் தளர்த்தியிருந்தால் சுருதிக்கு வந்திருக்கும். ஆனால் நாதம் செத்துப்போயிருக்கும். பெரிய சபாக்காரர் டீச்சரைக் கேட்க வருகிறார் என்றால் என்னையும்தான் கேட்பார். டப்பா போல ஒலிக்கும் மிருதங்கத்தோடு அவர் முன்னால் உட்கார எனக்கு மனமில்லை.

பந்தல் காரியதரிசி கன்னடக்காரர். மேடைக்குக் கீழே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "சார், டைம் ஆயித்து. பேகா ஸ்டார்ட் பண்ணிடுங்க."

டீச்சர் பந்தலுக்குப் பின்னால் வெந்நீர் குடிக்கப் போயிருந்தார். சுருதிப்பெட்டி என் பக்கத்தில் இருந்தது. அதில் இரண்டு திருகுகள். பெரியதில் கட்டை எண்கள் இருக்கும். சிறியது நுட்பமாக ஏற்றி இறக்குவதற்கு, அதில் எண் கிடையாது. நான் சிறியதைத் திருகினேன். பெட்டியின் ஒலி மேலேறி என் மிருதங்கத்தோடு சேர்ந்தது. பெரிய திருகின் முள் ஐந்திலேயே நின்றது.

வயலின் வாசித்த கோபி போக்குவரத்தில் மாட்டி, வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். பெட்டியில் ஒலித்ததற்கு அவசரமாகத் தந்திகளைச் சேர்த்தார்.

"என்ன சார், தந்தி இன்னிக்கு ரொம்ப இழுக்க வேண்டியிருக்கு?"

"தகரக் கூரை. வெயில்," என்றேன்.

"வெயில்ல தந்தி தளரும்னுதானே காலேஜ்ல சொல்லிக் குடுப்பீங்க? மறுபடி திருகினா பழைய இறுக்கம்தானே வரணும்? இது அதுக்கும் மேல இருக்கே?"

"கச்சேரி முடிஞ்சதும் என் கிளாஸுக்கு வாங்க," என்றேன். அவர் சிரித்துவிட்டு வில்லுக்குக் குங்கிலியம் தேய்க்கத் தொடங்கினார்.

வர்ணத்திலும் அடுத்த இரண்டு உருப்படிகளிலும் ஒன்றும் தெரியவில்லை. நடு ஸ்தாயியில் கால் கட்டை ஏறினால் யாருக்கும் வலிக்காது. பிரதானமாகக் கல்யாணி ராகத்தை எடுத்தார். ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தைத் தாண்டியதும் அவருடைய தோள் உயர்ந்ததைப் பார்த்தேன். கழுத்து நரம்பு எழும்பியது. அவர் ஓரக்கண்ணால் பெட்டியைப் பார்த்தார். முள் ஐந்தில் இருந்தது. மறுபடி மூச்சை இழுத்துப் பஞ்சமத்துக்குப் போனார். குரல் பிளந்து நின்றது.

அப்போதாவது நான் கையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை.

அவர் இன்னொரு முறை போனார். இந்த முறை பஞ்சமம் வந்தது. ஆனால் வந்தது ஞாயிற்றுக்கிழமைக் குரல். அவர் தேடிப் போகவில்லை, தொண்டை தானாகத் தப்பித்து அங்கே ஓடிவிட்டது. முன்வரிசையில் இருந்த பெரிய சபாக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சாய்ந்து, மேடைக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "மேடம் கொயருக்குப் போயிட்டாங்க."

இரண்டு வரிசைகள் சிரித்தன.

அதன்பின் டீச்சர் மேல் ஸ்தாயிக்கே போகவில்லை. கீர்த்தனையை வேகமாக முடித்து எனக்குத் தனி ஆவர்த்தனம் விட்டார். என் மிருதங்கம் நன்றாகப் பேசியது. கைதட்டினார்கள். முடிந்ததும் பெரிய சபாக்காரர் என்னிடம் வந்து, "உங்க வலந்தலை இன்னிக்கு மணி மாதிரி சார்," என்றார். அந்த ஆண்டு அவருடைய சபாவில் எனக்கு மூன்று கச்சேரிகள் கிடைத்தன.

டீச்சர் இறங்கும்போது என்னிடம், "சாரி சார். உங்களுக்கும் கச்சேரி கெட்டுப்போச்சு," என்றார்.

"பரவாயில்ல டீச்சர். எல்லாருக்கும் ஒரு நாள் அப்படி ஆகும்," என்றேன். ஆல்பர்ட் எனக்கு ஒரு டம்ளர் பானகம் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்தேன். பெட்டியை அணைப்பதற்கு முன் சிறிய திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். முதலில் செய்ததை அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

3. கீழ் வரிசை

சில ஆண்டுகள் கழித்து, உடன் வேலை பார்த்த ஒருவர் கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனைக்கு என்னைக் காக்ஸ் டவுனுக்கு அழைத்துப் போனார். பாடகர் குழுவில் சுகிர்தா டீச்சரைத் தேடினேன். மேல் வரிசையில் அவர் இல்லை. ஆல்ட்டோ என்னும் கீழ்க்குரல் வரிசையில், பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

வெளியே ஆல்பர்ட்டைப் பார்த்தேன். ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர் இடம் மாறிட்டாங்களே?" என்றேன்.

"அன்னிக்குப் பந்தல்ல தொண்டை விட்டுச்சில்ல சார், அதோட சரி. மேல போனா உடையும்னு ஒரு பயம். கொயர் மாஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கச்சேரி எல்லாம் விட்டாச்சு." துணியை உதறினார். "எனக்கு மட்டும் நல்லா கேக்குது. காலைல குக்கர் பக்கத்துல நின்னு பாடுறா. விசில் எது, இவ எதுன்னு தெரியாத அளவுக்கு மேல போறா. ஆனா ஆள் நின்னா வராது."

அதாவது குரல் இருந்தது. நம்பிக்கைதான் போயிருந்தது. அதை எடுத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். அன்றே உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். "பார்த்தேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, என் வீடு இருக்கும் தொம்மலூருக்குப் பஸ் ஏறினேன். சொன்னால் நகரத்தில் எந்தப் பாடகரும் என்னைப் பக்கத்தில் உட்கார வைக்கமாட்டார் என்ற கணக்கு என்னிடம் இருந்தது.

கொரோனாவுக்குப் பிறகு எனக்கு அழைப்புகள் குறைந்தன. இரண்டு ஆண்டுகளில் அநேகமாக நின்றேபோயின. இழக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான் நான் அவர் வீட்டுக்குப் போனேன். இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

4. சொன்னது

டீச்சர் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டில் நாலைந்து பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். முடித்ததும் அவர் கேட்டார்:

"எவ்வளவு?"

"கால் கட்டை இருக்கும்."

"முள்ளு அஞ்சுலதான் இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"சின்னத் திருகு டீச்சர். அதுல எண் இல்ல."

கையில் இருந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நான் டாக்டர்கிட்ட போனேன், தெரியுமா சார்? மூக்கு வழியா கேமரா விட்டுப் பார்த்தார். ரெண்டு வோக்கல் கார்டும் க்ளீன்னு சொன்னார். ஏதாவது கட்டி கிட்டின்னு சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். தொண்டைல தப்பில்லன்னா அப்ப எனக்குத்தான் பாட வரலன்னு ஆயிடுச்சு."

டீச்சர் தொடர்ந்தார்.

"என்கிட்ட வர்ற பொண்ணுங்களுக்கு மேல் பஞ்சமமே சொல்லித் தர்றதில்ல. காந்தாரத்தோட நிறுத்திடுவேன். என் பாணின்னு சொல்றாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க மிருதங்கம் இறங்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கல்யாணியை விட்டுட்டு வேற ராகம் பாடியிருப்பேன். கீழயே நின்னு பாடுற ராகம் எத்தனை இருக்கு. அவ்வளவுதானே சார்?"

"அவ்வளவுதான்," என்றேன்.

ஆல்பர்ட் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "உங்களுக்கு நான் பானகம் கொண்டாந்து குடுத்தேன் சார் அன்னிக்கு," என்றார்.

"யார்கிட்ட சொல்லணும்னு சொல்லுங்க, சொல்றேன்," என்றேன்.

"யார்கிட்ட? சிரிச்ச ரெண்டு வரிசையையும் தேடிப் பிடிப்பீங்களா? இப்ப கிளம்புங்க. வேணும்னா கூப்பிடுறேன்."

ஆனாலும் நான் கோபியிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் ஃபோனை வைத்துவிட்டார். பெரிய சபாக்காரருக்கும் ஃபோன் செய்தேன். அவருக்கு நினைவில்லை.

"யாரு, அந்த சர்ச் லேடியா? அட, கால் கட்டை ஏறினதுக்கு யாராவது பாடறதை விடுவாங்களா சார்? விடுங்க. உடம்பு எப்படி இருக்கு உங்களுக்கு?"

5. சனிக்கிழமைகள்

மூன்று வாரம் கழித்து டீச்சர் கூப்பிட்டார். "மிருதங்கத்தோட வாங்க," என்றார்.

போனதும் சுருதிப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். "அன்னிக்கு வெச்ச மாதிரியே வைங்க."

வைத்தேன். அவர் கல்யாணியில் மேலே போனார். பஞ்சமத்தில் உடைந்தது. "இப்ப அஞ்சுக்கு இறக்குங்க." இறக்கினேன். மறுபடி போனார். அதிலும் உடைந்தது.

இரண்டு பேரும் பெட்டி ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கு அப்போது வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் ஐந்தில் வந்தது இப்போது ஐந்தில் வரவில்லை. அது வயதாலா, பாடாமல் விட்டதாலா என்று பிரித்துச் சொல்ல எந்தச் சோதனையும் இல்லை.

"சுக்குக் காபி போடவா ரெண்டு பேருக்கும்?" என்று ஆல்பர்ட் உள்ளேயிருந்து கேட்டார்.

"போடுங்க," என்றார் டீச்சர். பிறகு பெரிய திருகைத் தானே பிடித்து நாலரைக்கு வைத்தார். அங்கேயும் சரிப்படவில்லை. நாலுக்கு வைத்தார்.

பெண்கள் நாலு கட்டையில் பாடினால் கீழே மந்தர ஸ்தாயி கனமாகிவிடும், குரல் அடியில் தட்டும். அவர் அதற்கும் பயிற்சி செய்தார். காலையில் ஆகார சாதகம், ஒவ்வொரு ஸ்வரத்திலும் மூச்சு தீரும்வரை நிற்பது. சனிக்கிழமைகளில் நான் போய் வாசிப்பேன். நாலு கட்டைக்கு என்னிடம் மிருதங்கம் இல்லை. புதிதாகக் கட்டச் சொல்லி வாங்கினேன். ஏறக்குறைய ஒரு வருடம் போனது. பஞ்சமம் சில நாட்கள் வரும், சில நாட்கள் வராது. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். நாங்கள் நண்பர்கள் ஆகவில்லை. காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

6. மாடிக் கச்சேரி

காக்ஸ் டவுனில் தெரிந்தவர் ஒருவர் வீட்டு மாடியில் ஒரு கச்சேரி வைத்தார்கள். கோபி வந்தார். நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள், எல்லாம் நிறைந்தன. சுருதி நாலு கட்டை.

டீச்சர் கல்யாணியையே எடுத்தார். நான் எதிர்பார்க்கவில்லை. கீழேயே வெகுநேரம் நின்றார். மந்தர ஸ்தாயியில் அவர் போட்ட கமகங்களை அந்தப் பந்தல் நாட்களில் அவரால் போட்டிருக்க முடியாது. பிறகு மெல்ல ஏறி, மூச்சை வயிற்றில் வாங்கி, பஞ்சமத்தைத் தொட்டார். திறந்த குரல். தோள் அசையவில்லை. நிற்கவில்லை, தொட்டுவிட்டு இறங்கினார். இரண்டாம் முறை போகவில்லை.

கைதட்டினார்கள். அது எல்லையின் விளிம்பு என்று எனக்குத் தெரிந்தது, கோபிக்கும் தெரிந்தது. நான் எடுத்துக்கொண்ட ஆண்டுகளில் அந்தக் குரல் எங்கெல்லாம் போயிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

எல்லோரும் போன பிறகு ஆல்பர்ட் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டிசம்பர்ல ஒரு கச்சேரி வந்திருக்கு சார். ஹால்ல."

"சந்தோஷம் டீச்சர்."

"அதுக்கு வேற மிருதங்கம் சொல்லியிருக்கேன். கோவத்துல இல்ல. நீங்க பக்கத்துல உக்கார்ந்தா நான் பெட்டியையே பார்த்துட்டு இருக்கேன். இன்னிக்கும் பார்த்தேன், எத்தனை தடவைன்னு எனக்கே தெரியல. பார்த்துட்டுப் பாட முடியாது."

"சரி," என்றேன். புதிய மிருதங்கத்தை அவரிடமே விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். "வேண்டாம், எடுத்துட்டுப் போங்க," என்றார்.

இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் வாத்தியம் சுருதிக்கு வராவிட்டால் பாடுகிறவரிடம் போய்ச் சொல்லுங்கள். வெட்கமாக இருக்கும். அவர் திட்டலாம், ராகத்தை மாற்றலாம், உங்களை மறுபடி கூப்பிடாமல் விடலாம். எல்லாம் ஒரு மாலையோடு முடிந்துவிடும். சொல்லாமல் விட்டால் அவர் தன் தொண்டையைச் சந்தேகிப்பார். அந்தச் சந்தேகம் முடிவதில்லை.

டிசம்பரில் நான் டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மிருதங்கம் வாசித்தவர் எனக்குத் தெரியாத ஒரு பெண். இரண்டரை மணி நேரம் பாடினார் டீச்சர். ஒரு தடவைகூடப் பெட்டியின் பக்கம் திரும்பவில்லை.